வெடிக்கும்னு நீ நிரூபி

கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனில நான் இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது சென்சார், மீட்டர் வேலை பார்த்துட்டு இருந்த காலம் அது, கம்பெனி பேரு வேணாம். அங்க ஒரு ரியாக்டர்ல டெம்பரேச்சர் ட்ரிப் அடிக்கடி சும்மாவே அடிக்கும். சூடு ஒரு அளவுக்கு மேல ஏறுனா ஸ்டீம் வால்வு தானா மூடிக்கிட்டு கூலிங் வாட்டர் திறந்துக்கணும், அதுக்குத்தான் இன்டர்லாக்னு பேரு, ஆனா இங்க சூடே ஏறாம சென்சார் லைன்ல எங்கயோ லூஸ் கான்டாக்ட் ஆகி ட்ரிப் ஆகும், 14 மணி நேரம் ஓட வேண்டிய பேட்ச் பாதில நிக்கும், சரக்கு மொத்தமும் வேஸ்ட். ஒரு நாள் நைட் ஷிப்ட்ல புரொடக்ஷன் மேனேஜர் வீட்லருந்து போன் பண்ணாரு. "இந்த ஒரு பேட்ச் மட்டும் ஓட்டிக்கலாம் தம்பி, ஒரு பைபாஸ் போட்டு விடு." நானும் ரிலே பேனலை திறந்து, ட்ரிப் அடிச்சாலும் ரியாக்டர் நிக்காதபடி ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல ஒரு சாண் ஒயரை ஜம்பர் போட்டு, சிவப்பு டேக் ஒண்ண கட்டிட்டு, லாக் புக்ல எழுதி வெச்சேன்: "புரொடக்ஷன் மேனேஜர் வெர்பல் இன்ஸ்ட்ரக்ஷன்படி இன்டர்லாக் பைபாஸ் செய்யப்பட்டது."

காலைல ரூமுக்கு கூப்ட்டாரு. டீ எல்லாம் வாங்கி குடுத்தாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு, "எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க தம்பி, அந்த வெர்பல்ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துடேன், ஆடிட்ல பார்த்தா நல்லா இருக்காது."

எங்கயாவது விபத்து நடந்து, முன்னாடியே எச்சரிச்சாங்களாமேன்னு செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த டீதான் ஞாபகம் வரும். உடனே ரெண்டு கட்சி பிரிஞ்சுடும் பாருங்க. ஒரு கட்சி, பணத்துக்காக மேல இருக்கவன் பண்ணது, பாவம் எஞ்சினியர் என்ன பண்ணுவான்னு சொல்லும். இன்னொரு கட்சி, தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தானே, கையெழுத்து போட்டானே, அவனைத்தான் முதல்ல உள்ள வைக்கணும்னு சொல்லும். ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா யார் மேல எவ்ளோ பெர்சன்ட்னு பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடி வேற ஒண்ண பார்க்கணும்னு நான் நினைக்கறேன், அந்த எச்சரிக்கை வந்த ரூம்ல நிரூபிக்க வேண்டிய வேலைய யார் தலைல கட்டுனாங்கன்னு. ஓட்டறது சேஃப்னு மேனேஜர் நிரூபிக்கணுமா, இல்ல வெடிக்கும்னு எஞ்சினியர் நிரூபிக்கணுமா? பெரிய விபத்து நிறைய, வெடிக்கறதுக்கு முன்னாடி இந்த கேள்விலயே முடிவாயிடுது.

இதுக்கு உலகத்துலயே சுத்தமான உதாரணம் அமெரிக்க நாசாவோட சேலஞ்சர் ஸ்பேஸ் ஷட்டில். 1986 ஜனவரி 28, கிளம்பி 73-வது செகண்ட்ல வானத்துலயே உடைஞ்சு 7 பேர் போனாங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கு முந்தின ராத்திரி நடந்த டெலிகான்ஃபரன்ஸ்தான் நமக்கு முக்கியம். ராக்கெட்டோட பூஸ்டர் பல துண்டா செஞ்சு ஜாயின்ட் பண்ணது, அந்த ஜாயின்ட்ல உள்ள இருக்கற சூடான கேஸ் வெளிய வராம தடுக்க ஓ-ரிங்னு ரப்பர் வளையம் ரெண்டு இருக்கும். வளையத்தோட குறுக்களவு 12 அடி, ஆனா ரப்பரோட தடிமன் 7 மில்லிமீட்டர்தான். நம்ம வீட்டு குக்கர் கேஸ்கெட் மாதிரிதான் வேலை. ஃப்ரிட்ஜ்ல வெச்ச கேஸ்கெட் விறைச்சுக்கும்ல, அதே மாதிரி குளிர்ல இந்த ரப்பர் விறைச்சு, இடைவெளி விழும்போது சட்டுனு விரிஞ்சு அடைக்காது.

பூஸ்டரை செஞ்ச மார்ட்டன் தையக்கால் கம்பெனில ரோஜர் போய்ஸ்ஜாலின்னு ஒரு எஞ்சினியர். 1985 ஜனவரில ஒரு ராக்கெட் குளிர்ல போய் வந்தப்புறம் அதோட பூஸ்டரை கடல்லருந்து எடுத்து பிரிச்சு பார்த்தா, ரெண்டு வளையத்துக்கும் நடுவுல கேஸ் தாண்டி வந்து கிரீஸ் எல்லாம் கருப்பா கிடந்துச்சு. அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி அவரு மேலிடத்துக்கு மெமோ எழுதுறாரு, இதை உடனே கவனிக்கலைன்னா உயிர் போற அளவுக்கு பேரழிவு வரும்னு நேராவே எழுதிருக்காரு. ஆறு மாசம் கழிச்சு, கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி, வெளிய உறையற குளிர். தையக்கால் எஞ்சினியருங்க எல்லாரும் சேர்ந்து, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது நம்ம கணக்குல சுமார் 12 டிகிரிக்கு கீழ விட வேணாம்னு நாசாகிட்ட சொல்றாங்க, கம்பெனியும் முதல்ல அதையேதான் எழுத்துல குடுத்துச்சு. நாசா தரப்புல லாரன்ஸ் முல்லாய், அப்போ எப்பதான் விடச் சொல்றீங்க, அடுத்த ஏப்ரல்லயான்னு கேட்டாரு. தையக்கால் ஆளுங்க அஞ்சு நிமிஷம் டைம் கேட்டு லைனை மியூட்ல போட்டாங்க, அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமாச்சு. அந்த அரை மணி நேரத்துல சீனியர் வைஸ் பிரசிடென்ட் ஜெரி மேசன், எஞ்சினியரிங் வைஸ் பிரசிடென்ட் பாப் லண்டை பார்த்து சொன்னதுதான் இன்னைக்கு வரைக்கும் எஞ்சினியரிங் எத்திக்ஸ் பாடத்துல வர்ற டயலாக்: எஞ்சினியர் தொப்பியை கழட்டிட்டு மேனேஜர் தொப்பியை போட்டுக்க.

ரூம்ல எஞ்சினியருங்க உக்காந்திருக்காங்க, ஆனா ஓட்டு போட்டது நாலு மேனேஜருங்க மட்டும்தான். லண்ட் தொப்பியை மாத்திக்கிட்டாரு. விடலாம்னு முடிவு. கேப் கெனவரல்ல தையக்கால் சார்பா இருந்த ஆலன் மெக்டொனால்ட், நான் கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டாரு, அதனால கம்பெனி இருந்த யூட்டா மாநிலத்துலருந்து வேற ஒரு மேனேஜர் கையெழுத்து போட்டு ஃபேக்ஸ்ல அனுப்புனாரு. மறுநாள் கிளம்பற நேரத்துல குளிர் 2 டிகிரி.

போய்ஸ்ஜாலி பின்னாடி விசாரணை கமிஷன்ல சொன்னது என்னன்னா, வழக்கமா ராக்கெட் விட ரெடின்னு நாங்க நிரூபிச்சாத்தான் விடுவாங்க, அன்னைக்கு ராத்திரி எல்லாம் தலைகீழா இருந்துச்சு, விடக்கூடாதுன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நாங்க நிரூபிக்கணும்னு ஆயிடுச்சுங்கறது. எனக்கு சேலஞ்சர் கதைலயே பெரிய விஷயம் இதான், தொப்பி டயலாக் எல்லாம் இதுக்கு அடுத்துதான். ஏன்னா ஒரு ஜாயின்ட் கண்டிப்பா ஃபெயில் ஆகும்னு முன்கூட்டியே யாராலயும் நிரூபிக்க முடியாது, ஆகலாம்னுதான் சொல்ல முடியும், அந்த "லாம்"ல போய் மேனேஜருங்க கால் வைக்கறாங்க.

ஆனா எஞ்சினியருங்களையும் சும்மா விட முடியாது. அன்னைக்கு ராத்திரி அவங்க அவசரமா கையால எழுதி அனுப்புன சார்ட்ல பாதிப்பு வந்த ராக்கெட் விவரம் மட்டும்தான் இருந்துச்சு, அதுல ஒண்ணு நல்ல வெயில்ல போனதுலயும் கேஸ் தாண்டியிருந்துச்சு, அப்போ குளிருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நாசா கேட்டதுக்கு நம்பர் போட்டு பதில் சொல்ல முடியல. பாதிப்பே வராத ராக்கெட்டையும் சேர்த்து ஒரே படத்துல போட்டிருந்தா கதையே வேற. அப்புறமா கமிஷன் போட்டு பார்த்துச்சு: 19 டிகிரிக்கு மேல போன 20-ல 3-லதான் பாதிப்பு, அதுக்கு கீழ போன 4-லயும், ஒண்ணு விடாம நாலுலயும் பாதிப்பு. கைல இருந்த தகவல்தான், ஒரு பேப்பர்ல சேர்த்து போட ஆள் இல்ல. இதை சொன்னா சில பேருக்கு கோபம் வரும், எச்சரிச்சவனையே குத்தம் சொல்றியேன்னு. குத்தம் சொல்லல, தோத்து போன எச்சரிக்கை எங்க தோத்துச்சுன்னு பார்க்கறேன், அதுவும் நம்ம வேலைதானே.

அந்த கமிஷன்ல இருந்த இயற்பியல் விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன், டிவி கேமரா முன்னாடி ஐஸ் தண்ணில ரப்பரை முக்கி காட்டுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அவரு தனியா எழுதுன அனெக்ஸர்ல இன்னும் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஷட்டில் அழியறதுக்கு எவ்ளோ வாய்ப்புன்னு கேட்டா வேலை செய்யற எஞ்சினியருங்க 100-ல ஒண்ணுன்னு சொல்றாங்க, மேனேஜ்மென்ட் 1,00,000-ல ஒண்ணுன்னு சொல்றாங்க. ஒரே மெஷின், ஒரே ஆபீஸ், ரெண்டு நம்பருக்கும் 1000 மடங்கு வித்தியாசம். யாரும் பொய் சொல்லணும்னு சொல்லல, மேல போகப் போக ஒவ்வொரு படிலயும் "கொஞ்சம் பார்த்துக்கலாம்"னு தண்ணி கலக்கறாங்க, உச்சில இருக்கவர் கைக்கு வரும்போது பால் நிறத்துல தண்ணிதான் இருக்கும்.

17 வருஷம் கழிச்சு அதே நாசா, 2003, கொலம்பியா. நம்ம கல்பனா சாவ்லா போனது அதுலதான். கிளம்பும்போதே ஒரு ஃபோம் துண்டு பிய்ஞ்சு இடது இறக்கைல அடிச்சதை வீடியோல பார்த்துட்டாங்க, சேதம் எவ்ளோன்னு தெரிஞ்சுக்க மிலிட்டரி சேட்டிலைட் வெச்சு போட்டோ எடுத்து குடுங்கன்னு எஞ்சினியருங்க கேட்டாங்க, மேனேஜ்மென்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. ராட்னி ரோச்சான்னு ஒரு எஞ்சினியர் கோபமா ஒரு மெயில் டைப் பண்ணி, இது தப்புன்னு எல்லாம் எழுதி, கடைசில அனுப்பாமலே விட்டுட்டாரு, மேலதிகாரியை தாண்டி போக அவருக்கு மனசு வரல. விசாரணை ரிப்போர்ட்ல என்ன எழுதுனாங்க தெரியுமா, சேஃப்னு நிரூபிக்கறதுக்கு பதிலா சேஃப் இல்லன்னு எஞ்சினியருங்க நிரூபிக்க வேண்டிய நிலைமை ஆயிடுச்சுன்னு. அதே வியாதி, தேதி மட்டும்தான் வேற.

சரி, இதெல்லாம் ராக்கெட். நம்ம ஊரு ரியாக்டருக்கு வருவோம்.

சிப்காட்டோ சேதராப்பட்டோ எந்த பிளான்ட்டுக்கு போனாலும், மேனேஜர்னு ஒருத்தன் பொறந்ததுலருந்து மேனேஜர் கிடையாது, அவனும் பத்து வருஷம் முன்னாடி ஸ்பேனர் புடிச்சவன்தான். எனக்கு போன் பண்ணவரும் கெமிக்கல் எஞ்சினியர்தான், பாலிடெக்னிக்லருந்து வந்த என்னை விட ரியாக்ஷனை பத்தி பத்து மடங்கு தெரிஞ்சவரு. அவருக்கு மேல ஜிஎம், ஜிஎம்முக்கு மேல ஹைதராபாத்துலயோ மும்பைலயோ ஒருத்தரு, மாச கடைசில டன் கணக்கு. அவரு சொன்ன "ஒரு பேட்ச்" மூணு மாசம் ஓடுச்சு. ஆயுத பூஜைக்கு பேனல் கதவுல சந்தனம் குங்குமம் வெச்சு, வாழை மரம் கட்டி, பொரி கடலை எல்லாம் குடுத்தாங்க, கதவுக்கு உள்ள என் ஜம்பர் அப்படியே இருந்துச்சு. சிவப்பு டேக் வெளுத்து ரோஸ் ஆயிடுச்சு. ஒண்ணும் வெடிக்கல. அதான் பிரச்சினையே, ஒவ்வொரு நாள் ஒண்ணும் ஆகாம போறப்பவும் "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ன்னு பைபாஸுக்கு சாட்சி ஒண்ணு கூடிக்கிட்டே போகுது. ஓ-ரிங் கதையும் இப்படித்தான், ரப்பர் கொஞ்சம் அரிச்சு வந்த ஒவ்வொரு தடவையும் ராக்கெட் பத்திரமா திரும்புச்சா, அந்த அரிப்பே வழக்கமாயிடுச்சு.

வருஷாந்திர ஷட்டவுன்ல சென்சார் தலையை திறந்து பார்த்தேன். டெர்மினல் எல்லாம் பச்சை பூத்து கிடக்கு, கடலூர் உப்புக் காத்து, வேற என்ன. டெர்மினல் பிளாக்கை மாத்தி, கேபிள் கிளாண்டை டைட் பண்ணி, ஜம்பரை கழட்டி டெஸ்ட் பண்ணி முடிக்க 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத்தை ஒரு பேட்சுக்கும் இன்னொரு பேட்சுக்கும் நடுவுல குடுத்திருந்தா மூணு மாசமும் ட்ரிப் உயிரோட இருந்திருக்கும். குடுக்கல. நானும் அடம் புடிச்சு கேக்கல, அதையும் ஒத்துக்கணும். ரெண்டு தடவை மெயில் போட்டேன், ரெண்டுலயும் "கைண்ட்லி டு த நீட்ஃபுல்"னு முடிச்சிருந்தேன்.

எச்சரிக்கை கவனிக்காம போனா தண்டனை எங்க போய் விழுதுன்னு பார்க்க போபால்தான் இடம். 1982 மே மாசம் அமெரிக்காவுல இருந்து வந்த யூனியன் கார்பைடு டீமே பிளான்ட்டை ஆடிட் பண்ணி குறை எழுதி குடுத்துட்டு போச்சு. பத்திரிகைக்காரர் ராஜ்குமார் கேஸ்வானி அதே வருஷம் ஊரே எரிமலை மேல உக்காந்திருக்குன்னு எழுதுனாரு. 1984 டிசம்பர் 2 ராத்திரி விஷவாயு வரும்போது, டேங்கை குளிரா வெச்சிருக்க வேண்டிய ஃப்ரிட்ஜ் யூனிட் மாசக்கணக்கா நின்னு போயிருந்துச்சு, கேஸை எரிக்க வேண்டிய ஃப்ளேர் டவர் லைன் கழட்டி கிடந்துச்சு. 2010 ஜூன் 7-ம் தேதி தீர்ப்பு வந்துச்சு. இந்திய கம்பெனி சேர்மன், மேனேஜிங் டைரக்டர், வைஸ் பிரசிடென்ட், வொர்க்ஸ் மேனேஜர், புரொடக்ஷன் மேனேஜர், பிளான்ட் சூப்பரின்டென்டென்ட், கடைசில புரொடக்ஷன் அசிஸ்டென்ட், உயிரோட இருந்த 7 பேருக்கும் ஒரே மாதிரி 2 வருஷம், உடனே பெயில். அலட்சியத்தால மரணம்ங்கற 304ஏ பிரிவு, அதுக்கு உச்சபட்சமே அவ்ளோதான், அதை விட கடுமையான பிரிவை 1996-லயே சுப்ரீம் கோர்ட் எடுத்துடுச்சு. பட்ஜெட்டை வெட்டற அதிகாரம் இருந்த சேர்மனுக்கும் ஷிப்ட்ல நின்ன அசிஸ்டென்டுக்கும் தராசுல ஒரே எடை. அமெரிக்க தலைவர் வாரன் ஆண்டர்சன் கோர்ட் பக்கமே வராம 2014-ல செத்துப் போனாரு. இப்போ பழைய தண்டனை சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால அந்த பிரிவு 106, உச்சபட்சம் 5 வருஷம்னு ஏத்திருக்காங்க, எடை போடற விதம் மாறுமான்னு இனிமேதான் பார்க்கணும்.

ஆனா போபாலுக்கு அப்புறம் 1987-ல ஃபேக்டரீஸ் ஆக்டை திருத்துனப்போ சில நல்ல விஷயத்தை உள்ள வெச்சாங்க, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. ஒண்ணு, "ஆக்குபையர்"னா, அதாவது ஃபேக்டரிக்கு சட்டப்படி பொறுப்பான ஆள்னா, கம்பெனியோட டைரக்டர்ல ஒருத்தர்னு கட்டிப் போட்டாங்க. அதுக்கு முன்னாடி சம்பளத்துக்கு வந்த யாரோ ஒரு ஆபீசரை ஆக்குபையர்னு காகிதத்துல எழுதி வெச்சுட்டு முதலாளி தப்பிச்சுப்பாரு, 1996-ல சுப்ரீம் கோர்ட்டும் டைரக்டர்தான் ஆக்குபையர்னு உறுதி பண்ணிடுச்சு. ரெண்டாவது, 104ஏ பிரிவு. பாதுகாப்புக்கு இதை செய்ய நடைமுறைல வழி இல்லாம போச்சுன்னு யாராவது சொன்னா, வழி இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அவங்களேதான், கேஸ் போட்டவன் கிடையாது. சேலஞ்சர் ராத்திரி தலைகீழா போன அதே விஷயத்தை சட்டம் நேரா நிமித்தி வெச்சுது. மூணாவது 41எச், அபாயகரமான தொழில் நடக்கற ஃபேக்டரில உடனடி ஆபத்து இருக்குன்னு நியாயமான பயம் வந்தா சாதாரண தொழிலாளியே மேனேஜர்கிட்டயோ பொறுப்புல இருக்கவர்கிட்டயோ சொல்லலாம், அதே நேரத்துல இன்ஸ்பெக்டருக்கும் சொல்லலாம்னு வெச்சாங்க. ஆபத்து இல்லன்னு மேனேஜ்மென்ட் நினைச்சா அவங்களா முடிவு பண்ணிக்க முடியாது, இன்ஸ்பெக்டர்கிட்ட அனுப்பணும், அவர் சொல்றதுதான் முடிவு. 2025 நவம்பர்லருந்து அந்த ஆக்டுக்கு பதிலா அமலுக்கு வந்த 2020 பாதுகாப்பு கோட்லயும் ஆபத்தை முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் ஒரே நேரத்துல தெரியப்படுத்தற உரிமை தொழிலாளிக்கு இருக்கு.

அந்த ஆக்ட்ல நாலாவது ஒண்ணு இருந்துச்சு, 1987-க்கும் முந்தின பழசு, 101-வது பிரிவு. இதை தெரிஞ்சுக்கிட்டாத்தான் என் மேனேஜர் ஏன் டீ வாங்கி குடுத்தாருன்னு புரியும். ஆக்குபையர் மேலயோ மேனேஜர் மேலயோ கேஸ் வந்தா, நாங்க எல்லா கவனமும் எடுத்தோம், எங்களுக்கே தெரியாம, எங்க சம்மதம் இல்லாம இந்த ஆள்தான் தப்பு பண்ணான்னு ஒருத்தரை கோர்ட்ல காட்டி நிரூபிச்சுட்டா அவங்க வெளிய, அந்த ஆள் உள்ள. "தெரியாம"ங்கறதுதான் சாவி. லாக் புக்ல "வெர்பல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு இருந்தா மேனேஜருக்கு தெரியும்னு ஆயிடுது. அது இல்லன்னா, பேனலை திறந்து ஒயர் போட்டது யாரு? இன்ஸ்ட்ருமென்ட் பையன். அவருக்கு சட்டப் பிரிவு தெரியுமோ தெரியாதோ, உடம்புக்கு தெரிஞ்சிருக்கு.

நான் அந்த வார்த்தையை எடுக்கல. பெரிய வீரம்லாம் இல்ல, லாக் புக்ல அடிச்சு எழுதுனா அதுக்கு வேற தனியா கேள்வி வரும்னு பயந்தேன், அவ்ளோதான்.

நம்ம மாவட்டத்துலயே பாருங்க. 2020 மே 7-ம் தேதி நெய்வேலி ரெண்டாவது அனல் மின் நிலையத்துல 6-வது யூனிட் பாய்லர்ல விபத்து, சரியா 55 நாள் கழிச்சு ஜூலை 1-ம் தேதி அதே நிலையத்துல பக்கத்து 5-வது யூனிட் பாய்லர்ல விபத்து, அன்னைக்கே 6 பேர் போனாங்க, அப்புறம் ஆஸ்பத்திரில ஒவ்வொருத்தரா. உள்ள யாரு யாருக்கு என்ன மெயில் போட்டாங்கன்னு நான் இங்க பேச வரல. முதல் விபத்தை விட பெரிய எச்சரிக்கை கடிதம் ஒண்ணு உலகத்துல கிடையாது, அது வந்தப்புறம் அதே மாதிரி மெஷின் பக்கத்துல ஆள அனுப்பணும்னா சேஃப்னு நிரூபிக்க வேண்டிய பாரம் முழுக்க அனுப்பறவங்க மேலதான், இதுல எஞ்சினியரா மேனேஜரான்னு பட்டிமன்றமே தேவையில்ல.

அப்புறம் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலைல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி 3 பிள்ளைங்க போனதை இந்த பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க. கேட்கீப்பரை அரெஸ்ட் பண்ணாங்க, அவரு பண்ணது தப்பா இல்லையான்னு கோர்ட் பார்த்துக்கட்டும். ஆனா அந்த கேட் இன்டர்லாக் இல்லாத கேட். இன்டர்லாக் இருந்தா கேட் மூடாம ரயிலுக்கு பச்சை சிக்னலே விழாது, இல்லாத இடத்துல கேட் மூடிட்டேன்னு கேட்கீப்பர் போன்ல சொல்ற வார்த்தைதான் சிக்னல். ரயில் எண்ணிக்கையையும் அந்த வழியா போற வண்டி எண்ணிக்கையையும் பெருக்கி ஒரு அளவு வெச்சிருக்காங்க, டிவியூன்னு சொல்லுவாங்க, அது 20,000-க்கு மேல இருந்தாத்தான் இன்டர்லாக்னு இருந்த விதியை விபத்துக்கு மறுநாளே 10,000-ன்னு குறைச்சாங்க. மறுநாள் குறைக்க முடிஞ்ச நம்பரை முந்தின நாள் வரைக்கும் யாரோ ஒருத்தரு சரின்னு கையெழுத்து போட்டு வெச்சிருந்தாங்கல்ல, அந்த கையெழுத்தை தேடி யாரும் போகல. ஒரு மனுஷன் அசந்துட்டா மூணு உயிர் போற மாதிரி ஒரு ஏற்பாட்டை வெச்சுட்டு, கேட்ல நின்னவனை மட்டும் புடிக்கறது சுலபம்.

இதுல ஒண்ணு சொல்லணும், மேனேஜர்னாலே வில்லன்னு எழுதறது எனக்கு ஒத்து வராது. போயிங் 737 மேக்ஸ் விவகாரத்துல, 2018-லயும் 2019-லயும் ரெண்டு பிளைட் விழுந்து 346 பேர் போனாங்களே, அதுக்கு முன்னாடியே ஃபேக்டரி லைனை கொஞ்ச நாள் நிறுத்துங்க, ஆளுங்க களைச்சு போய் தப்பு பண்றாங்கன்னு மெயில் போட்ட எட் பியர்சன் ஒரு சீனியர் மேனேஜர். அவரு பேச்சையும் அவருக்கு மேல இருந்தவங்க கேக்கல. ஃபோக்ஸ்வேகன் கார் புகை மோசடில பாருங்க, டெஸ்ட்ல மட்டும் புகையை குறைச்சு காட்டற சாஃப்ட்வேரை செஞ்ச எஞ்சினியர் ஜேம்ஸ் லியாங்குக்கு அமெரிக்க கோர்ட் 40 மாசம் குடுத்துச்சு, மேல சொன்னாங்க நான் செஞ்சேன்ங்கறது அங்க எடுபடல, மேனேஜர் ஆலிவர் ஷ்மிட்டுக்கு 7 வருஷம். எனக்கு இந்த கணக்கு போபால் கணக்கை விட நியாயமா படுது, ரெண்டு பேரும் உள்ள, ஆனா நிறுத்தற அதிகாரம் யார்கிட்ட அதிகமோ அவருக்கு வருஷமும் அதிகம்.

கான்ட்ராக்ட் ஆளுங்கள பத்தி ஒரு வார்த்தை. நான் மெயில் போட்டேன், ஜிஎம் படிச்சாரா இல்லையான்னு நாம பேசிட்டு இருக்கறப்போ, வெசல் உள்ள இறங்கி சுத்தம் பண்றவனுக்கு மெயில் ஐடியே கிடையாது. குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கத்துலருந்து வர்ற பையன், பர்மிட்ல என்ன எழுதிருக்குன்னு அவனுக்கு படிச்சு காட்டறதுகூட இல்ல, இங்கிலீஷ்ல இருக்கு, இடது ஓரத்துல கையெழுத்து போடுன்னு விரலால காட்டுவாங்க. ஆபத்தை இன்ஸ்பெக்டருக்கு சொல்ற உரிமை அவனுக்கும்தான் இருக்கு. அதை நம்பி அவன் இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணா மறுநாள் கேட்ல கார்டு வேலை செய்யாது. மேனேஜருக்கு நிறுத்தற அதிகாரம் இருக்கு, எஞ்சினியருக்கு எழுதற இடமாவது இருக்கு, இவனுக்கு ரெண்டும் இல்ல, ஆனா வெடிச்சா முதல்ல போறது இவன்தான். அதனால எஞ்சினியர் எழுதற எச்சரிக்கைங்கறது தன் கழுத்தை காப்பாத்திக்கற பேப்பர் மட்டும் ஆயிடக்கூடாது, மெயில் போட்டாச்சு என் வேலை முடிஞ்சுதுன்னு ஷிப்ட் முடிஞ்சு வண்டி எடுக்கறவனை எனக்கு அந்த மேனேஜரை விட கொஞ்சம்தான் பரவால்லன்னு தோணும்.

போன மாசம் பாண்டி பக்கம் ஒரு கம்பெனில வேலை பார்க்கற ஒரு தம்பி போன் பண்ணான், முன்னாடி என்கிட்ட ட்ரெயினியா இருந்தவன். சால்வென்ட் டேங்க்ல ஹை லெவல் ஸ்விட்ச் வேலை செய்யல, ஆபரேட்டர் கண்ணாடி குழாயை பார்த்து பம்பை நிறுத்தறான், மெயில் போட்டு அஞ்சு நாளாச்சு, ரிப்ளை இல்லன்னான்.

"சப்ஜெக்ட்ல இன்னா போட்ட?"

"ரிகார்டிங் லெவல் ஸ்விட்ச்னு போட்டேண்ணே."

"உள்ள?"

"சுவிட்ச் நாட் வொர்க்கிங், கைண்ட்லி அரேஞ்ச்னு."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, கூடவே என் பழைய மெயிலும் ஞாபகம் வந்துச்சு. திருப்பி எழுத சொன்னேன். டேங்க் நம்பர் போடு. எந்த தேதிலருந்து வேலை செய்யலன்னு போடு. நிரம்பி வழிஞ்சா சால்வென்ட் எங்க போகும், கீழ இருக்கற மோட்டார் ஃப்ளேம் ப்ரூஃபா இல்லையான்னு போடு. நைட் ஷிப்ட்ல எத்தனை பேர் அங்க நிக்கறாங்கன்னு போடு. சரி பண்ற வரைக்கும் டேங்கை பாதிக்கு மேல நிரப்ப வேணாம்னு நீயே ஒரு வழி சொல்லு, ஸ்விட்ச் இல்லாம முழுசா நிரப்பித்தான் ஆகணும்னா அது பாதுகாப்புதான்னு எழுத்துல உறுதி பண்ணுங்கன்னு கடைசி வரில கேளு, சேஃப்டி ஆபீசரை காப்பில போடு. நிறைய நேரம் இந்த கடைசி வரிக்குத்தான் அசைவாங்க, எழுத்துல உறுதி குடுக்க யாருக்கும் மனசு வராது. அப்பவும் அசையலன்னா மாவட்டத்துக்கு பொறுப்பான ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் இருக்கு, அது அடுத்த படி, அதை எடுத்த எடுப்புல செய்ய சொல்ல மாட்டேன், வேலை போனா சோறு நான் போட முடியாது.

அனுப்பிட்டு இருபது நிமிஷத்துல திருப்பி கூப்ட்டான். "அண்ணே, ரிப்ளை வந்துடுச்சு, ஒரே வரி, ப்ளீஸ் கால் மீன்னு. போன் பண்ணட்டுமா?"

"பண்ணு. மரியாதையா பேசு. பேசி முடிச்சதும் அதே மெயிலுக்கு கீழ, 'சார், இப்போ போன்ல நீங்க சொன்னபடி'ன்னு ஆரம்பிச்சு அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பு."